ஆயிரத்து நாற்பத்தாறு தடவை

"இனிமே வருஷப் பாஸ் கிடையாது. கூட்டம் தாங்கல!"

பசறை ரோட்டு நீர்ப் பூங்காவின் மெனேஜர் புவனேந்திரன் மைக்கில் சொன்னதும், கூடியிருந்த பாஸ்காரர்கள் "ஊ" என்று கத்தினார்கள்.

கூட்டம் தாங்கலையாம்! போன வருஷம் திறப்பு விழா அன்று, "ஒரு தடவை காசு கட்டுங்க, வருஷம் பூரா ஆசை தீர வாங்க" என்று கூவிக் கூவி விற்றது இதே வாய்தான். வந்தார்கள். பதுளை டவுனே வந்தது. ஞாயிறு, போயா லீவு என்றால் சறுக்கில் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் இறங்கினார்கள். கொழும்பிலிருந்து வந்து டிக்கட் எடுத்த சனம், ரெண்டு மணித்தியாலம் க்யூவில் காய்ந்துவிட்டு ஈரம் படாமலே திரும்பிப் போனது.

"ஆனா ஒரே ஒரு பாஸ் மட்டும் அடுத்த வருஷத்துக்கும் இலவசம். இந்த வருஷம் அதிக தடவை வந்தவருக்கு!"

முன் வரிசையில் பரிமளம் எழுந்தே நின்றுவிட்டாள். பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் மயில்வாகனத்தின் மனைவி. நூற்றுப் பன்னிரண்டு தடவை வந்திருக்கிறாள். பரிசு வாங்கும் போட்டோவுக்கென்றே காலையில் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்தவள்.

புவனேந்திரன் கம்ப்யூட்டர் சீட்டைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெங்கம்மா... ஆயிரத்து நாற்பத்தாறு தடவை!"

கடைசி வரிசையிலிருந்து ரப்பர் செருப்பும் கம்பளிச் சட்டையுமாக ஒரு பெண் மேடைக்கு வந்தாள். பூங்காவுக்குப் பின்னாலிருக்கும் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவள்.

"அடி ஆத்தாடி! ஆயிரமா?" பரிமளத்துக்கு மூச்சு வாங்கியது. "ஒரு நாளைக்கு மூணு தரமில்ல வருது! காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகாம, கொழுந்து எடுக்காம, இங்க வந்து கும்மாளம். கேட்டா, சம்பளம் பத்தலன்னு கொடி புடிப்பாளுக."

கூட்டம் சிரித்தது.

"நமக்கெல்லாம் சறுக்குல இடம் கிடைக்காததுக்கு இவ ஒருத்திதான்யா காரணம்!" என்றார் மயில்வாகனம் தன் பங்குக்கு.

புவனேந்திரனுக்கும் சந்தேகம். கேட்டில் நிற்கும் காவலாளியைக் கூப்பிட்டார். "ஷுக்ரி, வந்தது இவங்கதானா? இல்ல, ஒரு பாஸை வச்சிக்கிட்டு லயமே வந்துச்சா?"

"இவங்களேதான் சேர். பாஸ்ல போட்டோ இருக்கே, வேற ஆள விடுவேனா? காலையில, மத்தியானம், அந்தியில. கொட்டுற மழையிலயும் வருவாங்க."

"மழையிலயும் ஆட்டமா!" என்று யாரோ விசிலடித்தார்கள்.

புவனேந்திரன் மைக்கை நீட்டினார். "சொல்லுங்கம்மா, ஒங்களுக்கு எந்தச் சறுக்கு ரொம்பப் பிடிக்கும்?"

"எதுலயும் ஏறினதில்லைங்க ஐயா."

"அலையடிக்கிற குளம்?"

"கால் கூட நனைச்சதில்லைங்க."

"பாத்தீங்களா!" பரிமளம் மேடைக்கே ஏறிவிட்டாள். "ஏறவும் இல்லையாம், நனையவும் இல்லையாம், ஆனா ஆயிரம் தடவை வந்தாளாம். உள்ள வடை விக்கிறாளோ, என்னா எழவு பண்றாளோ! மெனேஜர், அந்தப் பாஸை எனக்குக் குடுங்க."

ரெங்கம்மா பதறிப் போனாள். "ஐயா, அத மட்டும் செஞ்சிராதீங்க. அந்தப் பாஸ் இல்லாட்டி எங்க லயத்துல யாரும் உசிரோட இருக்க முடியாதுங்க."

"சறுக்கு இல்லாம உசிரு போயிருமாம்!" மயில்வாகனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டத்துக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

புவனேந்திரன் முகம் கறுத்தது. இதுவரை இருந்த 'சொல்லுங்கம்மா'வும் போய்விட்டது. "இந்தா பாரு, தினமும் மூணு தரம் உள்ள வந்து என்ன செஞ்ச? உண்மையச் சொல்லு. இல்லன்னா பாஸ் இந்த மேடத்துக்குத்தான்."

"தண்ணி புடிச்சேங்க ஐயா," என்றாள் ரெங்கம்மா. "எங்க லயத்துக்குக் குடிதண்ணி கொட்டுற பீலிய உள்ள வச்சு நீங்க மதில் கட்டிட்டீங்க, தண்ணி புடிக்கணும்னாலும் டிக்கட் எடுன்னு கவுண்டர்ல சொல்லிட்டாங்க, தெனம் டிக்கட் எடுக்க எங்களால ஆகுமா, அதான் பன்னெண்டு வீடும் சேர்ந்து ஒரு வருஷப் பாஸ் எடுத்தோம்."