அம்மா யார் பக்கம்

மனைவிக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, “போறதுன்னா குழந்தையைக் கூட்டிக்கிட்டு நீ போ. நான் வரலை” என்று அவன் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டான். அவன் வேலையை எந்த ஊரில் உட்கார்ந்தும் கணினியில் பார்க்கலாம் என்பது வேறு விஷயம். இரண்டு நாளில் வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தான். அவள் லாரிக்குச் சொல்லிவிட்டாள்.

இன்று லாரி வாசலில் நின்றது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து, பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மருமகளைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிறவள் போகட்டும் என்று விட்டுவிட்டாள், அம்மா தன் கட்சிதான் என்று அவனுக்கு உள்ளூர நிம்மதி.

“அத்தை, எந்தக் குக்கரை எடுக்கட்டும்?”

“பெரிசை எடுத்துக்கோ. இங்க சின்னதே போதும்.”

“நல்லதெல்லாம் கிளம்புது” என்று அவன் முனகினான். மனைவி காதில் வாங்கவில்லை.

எல்லாம் ஏறிய பிறகு, ஒரு நீல சூட்கேஸ் மட்டும் கூடத்தில் மிஞ்சியது.

“இது யாரோடது?”

“என்னோடது” என்றாள் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. “அவ ஆபீஸ் போயிட்டா குழந்தையை யார் பாத்துக்கறது?”

“அப்ப நான்?”

“உன்னை யாருடா வேணாம்னா? நீதானே வரலைன்னே.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை; முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

“அவரை ஒரு பத்து நிமிஷம் இருக்கச் சொல்லு” என்றபடி அவன் அறைக்குள் போனான். “என் சட்டையெல்லாம் எதுல வைக்கறது?”

“பெட்டி தீந்துபோச்சு” என்றாள் மனைவி. “தலையணை உறையில போட்டுக் கட்டுங்க.”