உள்ளே ஒன்றும் வேண்டாம்

“பொய் சொல்லாத உவேரா. உள்ள ஜட்டி போட்டுக்கிட்டுத்தானே ஓட்டுற?”

பயிற்சியாளர் டோனாத்தா போட்ட சத்தத்தில், யூக்கலிப்டஸ் நிழலில் சக்கரங்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உவேரா மிதிவண்டியைப் பிடித்தபடி, கால்களைச் சற்று அகட்டி நின்றாள். முசான்சே மலைச்சாலையின் பாதி ஏற்றத்திலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

“ஆண்டவர் சத்தியமா இல்லக்கா. நீங்க சொன்ன நாள்லேருந்து உள்ள ஒரு நூல்கூட இல்ல.”

“அப்புறம் எப்படிடி புண்ணு ஆறாம இருக்கு? எல்லாரும்தான் ஓட்டுறாங்க. உன் சீட்டுல மட்டும் முள்ளா முளைச்சிருக்கு?”

“உருளைக்கிழங்கு நட்டிருக்காக்கா. அடுத்த மழைக்குத் தோண்டிடலாம்” என்றாள் ஜானெத். எல்லாரும் சிரித்தார்கள். உவேரா சிரிக்கவில்லை.

டோனாத்தாவுக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் பந்தயம் ஓட்டிய காலத்தில், உள்ளாடையின் தையல் தொடையிடுக்கை அறுக்க அறுக்கத்தான் ஓட்டினாள். காரணத்தைச் சொல்ல ஆண் பயிற்சியாளர்களுக்கு வெட்கம். கேட்க இவளுக்கு வெட்கம். அந்த வெட்கத்தால் புண் ஆறவில்லை, வாழ்க்கைதான் வீணாயிற்று.

அதனால்தான், அணி தன் கைக்கு வந்ததும் வீடுவீடாகப் போய்த் தாய்மார்களை உட்காரவைத்துப் பேசினாள். சைக்கிள் கால்சட்டையின் உள்ளே தைத்திருக்கும் பஞ்சுப் பட்டை நேராகத் தோலில் படியவேண்டும். நடுவே இன்னொரு துணி இருந்தால் அது உராயும், வியர்வையைத் தேக்கும், கிருமி சேரும் என்று விளக்கினாள். ஒருத்தி சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். உவேராவின் தாய் வெனான்சியா மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாலும், கடைசியில் சரியென்று தலையாட்டினாள்.

“சுகாதார நிலையத்துல நர்ஸ் என்ன சொன்னா?”

“ஈரம்தான் காரணமாம். ஈரம் படாமப் பார்த்துக்கன்னாங்க.”

“பார்த்தியா! ரெண்டு துணி போட்டா வேர்வை எங்கடி போகும்?”

“போடலக்கா! காலையில கால்சட்டைய மாட்டும்போதே சில்லுனு இருக்கு. புண்ணுல பட்டா உசுரே போகுது.”

“முசான்சேல காலையில எதுடி சில்லுனு இல்ல? எரிமலைகூடத்தான் குளிருல நடுங்குது.” டோனாத்தா பெருமூச்சு விட்டாள். “இங்க பாரு. சனிக்கிழமை பந்தயத்துக்குக் கிகாலி கிளம்புறோம். இந்தப் புண்ணோட உன்னக் கூட்டிட்டுப் போகமாட்டேன். உன் இடத்துல ஜானெத் ஓட்டட்டும்.”

உவேராவின் கண்கள் நிறைந்தன. நாட்டின் அணிக்கு ஆள் எடுப்பது தலைநகரில் நடக்கும் அந்தப் பந்தயத்தில்தான். அவளைவிட வேகமாக மலையேறுபவள் அணியில் இல்லை என்பது ஜானெத்துக்கும் தெரியும்.

அன்று பிற்பகலே டோனாத்தா உவேராவின் வீட்டுக்குப் போனாள். இரண்டு மழைகளுக்கு நடுவே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. வெனான்சியா முற்றத்தில் அமர்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“உவேரா அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. ஊர் வாய்க்குப் பயந்து நீங்கதானே அவளுக்கு ஜட்டி போட்டு அனுப்புறீங்க?”

வெனான்சியா காயை முறத்தில் எறிந்தாள். “என்ன பேச்சு கோச்சம்மா இது? அவ மறந்துபோய்ப் போட்டுடக் கூடாதேன்னு அத்தனையையும் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். சாவி இதோ, என் கழுத்துல தொங்குது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகத்தான் எடுத்துக் குடுக்கிறேன்!”

டோனாத்தாவின் கோபம் பிடி தளர்ந்து நின்றது. “சரி... கால்சட்டையத் துவைக்கிறீங்களா?”

“தினமும்! நல்ல சோப்பு போட்டு, நீங்க சொன்ன மாதிரியே உள்பக்கத்தத் திருப்பித் துவைக்கிறேன். என் துணியக்கூட நான் அப்படித் தேய்க்கிறதில்ல.”

குற்றம் யாரிடமும் இல்லை. ஆனால் புண் இருக்கிறது. டோனாத்தா எரிச்சலோடு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். சாலையோரக் கொடியில் உவேராவின் பந்தயச் சட்டையும் காலுறைகளும் கையுறைகளும் மொறமொறவென்று காய்ந்திருந்தன. கொடியின் நடுவே பூப்போட்ட கித்தெங்கேத் துணி ஒன்று தொங்கியது. அதன் ஓரங்கள் காய்ந்து காற்றில் படபடத்தன. நடுப்பகுதி மட்டும் புடைத்துக் கனத்திருந்தது. அதன் அடியில், கறுத்த எரிமலை மண்ணில், சொட்டுச்சொட்டாக நீர் விழுந்து குழி பறித்திருந்தது.

டோனாத்தா அருகில் போய் அந்தத் துணியின் நுனியைத் தூக்கினாள்.

இரண்டு சைக்கிள் கால்சட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. பஞ்சுப் பட்டையை விரலால் அழுத்தினாள், தண்ணீர் கசிந்தது. பூஞ்சை நாற்றம் மூக்கில் ஏறியது.

“ஐயோ, இதையா அவ தினமும் போடுறா? இத்தனை வெயில் அடிக்குது, இத எதுக்கு இப்படி மூடி வச்சிருக்கீங்க?”

வெனான்சியா ஓடிவந்து துணியை வெடுக்கென்று இழுத்து மூடினாள். சாலையில் மூட்டை ஏற்றிய சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போகும் ஆண்களைப் பதற்றத்தோடு பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவாப் பேசுங்க கோச்சம்மா! இனிமே இதுதான் அவளுக்கு ஜட்டின்னு நீங்கதானே சொன்னீங்க? ஜட்டியப் போய் ஊரு பார்க்கவா காயப்போடுவாங்க?”