இரண்டு கட்டில்களுக்கு நடுவே

மருத்துவமனை ஜன்னல் வெயில் இரண்டு கட்டில்களின் மேலும் விழுகிறது. பதினோரு நாள் நடுக்கடலில் தவித்து, நேற்றுக் கரை சேர்ந்த இருவர் அவற்றில் படுத்திருக்கிறார்கள். திரும்பி வராத மூன்றாமவனின் மனைவி நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். "தூக்கத்துலயே போயிட்டான்மா, ஒரு கஷ்டமும் படல," என்கிறார் படகோட்டி, சுவரைப் பார்த்தபடி. அடுத்த கட்டிலில் படகுச் சமையல்காரனுக்கு உதடெல்லாம் வெடித்திருக்கிறது. "இல்லக்கா. தண்ணி தண்ணின்னு அழுதான். இல்லாத கப்பல் வருதுன்னு கத்திக்கிட்டே குதிச்சிட்டான். பிடிக்க எங்களுக்குத் தெம்பில்ல." குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. எது நிஜம் என்று அவளுக்கு விளங்கிவிடுகிறது. படகோட்டியின் கன்னத்தில் வழிவதை முந்தானையால் ஒற்றி எடுக்கிறாள். "பிள்ளைங்க கேட்டா, நீங்க சொன்னதையே சொல்லிடறேண்ணே," என்கிறாள்.