வலைக்கு அந்தப் பக்கம்

"தண்ணிகிட்ட போவாதடா ஷ்யாம்" என்று கத்திக்கொண்டே ஜாய்ஸ் பின்வாசலுக்கு ஓடினாள். அங்கே ஷ்யாம் இல்லை. ஏழு வாத்துக் குஞ்சுகள் வலையோரம் வரிசையாக நின்று, அந்தப் பக்கம் இருந்த குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கணவன் ஜான்சன் பின்னாலேயே வந்து அவள் தோளைப் பிடித்தான். "வாத்துங்க, ஜாய்ஸு. அவன் போயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது."

முந்தின வருட மழையில் ஒரு மத்தியானம். பால் பொங்குகிற வாசனைக்கு அடுப்பை அணைக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கொல்லையில் ஐந்து வயதுப் பையன் இல்லை. குட்டையில் ஓரிடத்தில் மட்டும் பாசி விலகியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் ஆகாது. குழாயைக்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் திறப்பாள். அப்படியும் சில நேரம் குட்டைப் பக்கமிருந்து தளக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அவளுக்கு மட்டும் கேட்கும்.

குஞ்சுகளைக் கொண்டுவந்தது சந்திரம்மா. படூரில் அதே தெருவின் கோடி வீடு, நாவலூரில் ஒரு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினால் நேராக ஜாய்ஸ் வீட்டு கேட்டுக்குத்தான் வருவாள். ஷ்யாம் இருந்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அட்டைப்பெட்டியோடு வந்தாள். "வூட்ல ஏதாச்சும் ஓடிக்கினு இருந்தா நல்லாருக்கும் ஜாய்ஸு. வளத்துப் பாரு."

வேண்டாம் என்று சொல்ல ஜாய்ஸுக்கு வாய் வரவில்லை. சந்திரம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

ஜான்சன் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, கீரி நுழையாதபடி கம்பிவலை அடித்துக் கூண்டு செய்தான். உள்ளே உமி பரப்பினான். பகலெல்லாம் குஞ்சுகள் கொல்லையில் நத்தையும் புழுவும் தேடித் தின்றன, இருட்டுமுன் தாமாகவே கூண்டுக்குள் போயின. குட்டைப் பக்கம் மட்டும் ஜாய்ஸ் விடவில்லை. கோவளத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கிவரச் சொல்லி, கொல்லையின் கடைசிவரை தானே இழுத்துக் கட்டினாள்.

"வாத்துக்கு நீந்தத் தண்ணி வேணாமா?" என்று ஜான்சன் கேட்டான்.

"பிளாஸ்டிக் பேசின்ல தண்ணி கீதே, போதும்."

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில் கூண்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏழு குஞ்சுகளும் நனைந்திருந்தன. கொண்டியும் போட்டபடி இருந்தது, வலையும் கட்டியபடி இருந்தது.

"பனி எறங்கியிருக்கும்" என்றான் ஜான்சன்.

"பனியில பாசி ஒட்டுமா?" ஒரு குஞ்சின் சிறகிலிருந்து பச்சையாக எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஜாய்ஸ் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "அவன்தான் வர்றான். தனியா வெளையாட முடியாம இதுங்களக் கூட்டிக்கினு போறான்."

"அப்டிலாம் பேசாத" என்றான் ஜான்சன்.

நான்காம் நாள், பால் வண்டி தெருவைக் கடந்த நேரம், அந்தச் சத்தம் கேட்டது. தளக். பிறகு இன்னொரு தளக். கூடவே யாரோ மெல்லச் சிரிப்பதுபோல இருந்தது. ஜாய்ஸ் வெறுங்காலோடு கொல்லைக்கு நடந்தாள். கூண்டு காலியாக இருந்தது. வலையின் ஒரு மூலை அவிழ்ந்து தொங்கியது.

குட்டை மேல் பனிமூட்டம். அதன் நடுவே ஏழு குஞ்சுகளும் நீந்திக்கொண்டிருந்தன. முழங்கால் தண்ணீரில் ஓர் உருவம் அசையாமல் நின்றது.

உருவம் திரும்பியது. வேலைக்குப் போகும் நீலக் கோட்டுடன் சந்திரம்மா, புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"அக்கா, நீயா?" ஜாய்ஸ் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மேல ஏறச் சொல்லுக்கா. எல்லாத்தையும் மேல ஏறச் சொல்லு."

"உனக்குத் தெரிஞ்சா உடமாட்டன்னுதான் வேலைக்குப் போறதுக்கு முன்ன வந்துகினு இருந்தேன். பயந்துட்டியா?"

"எதுக்குக்கா இப்டிப் பண்ற?"

சந்திரம்மா குஞ்சுகள் பக்கம் திரும்பினாள். "இந்தத் தண்ணியில எறங்குனது திரும்பி வர்றத ஒரு வாட்டி பாக்கணும்னு இருந்திச்சி. தெனமும் ஏழும் வருது ஜாய்ஸு."

அவள் பக் பக் என்று கூப்பிட்டாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கரையேறி, ஜாய்ஸின் காலடியில் சிறகை உதறின. அவள் முகத்தில் தண்ணீர் தெறித்தது. அவள் துடைக்கவில்லை.

"பால் அடுப்ப அணைக்கத்தான்க்கா உள்ள போனேன்" என்றாள் ஜாய்ஸ். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாதது. "ஒரு நிமிசம்தான்."

"தெரியும்" என்று சந்திரம்மா தண்ணீரில் நின்றபடியே கையை நீட்டினாள்.

"அவனப் பெத்தவ, உங்கிட்ட உட்டுட்டு வேலைக்குப் போனவ, நானே எறங்கிட்டேன். நீயும் எறங்கு."