நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல

பாகூர் கடைத்தெருவுல, சைக்கிள் கடை மாடியில புதுசா ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மொத்தமே ஒரு கம்ப்யூட்டர். அதுதான் நாளைக்குத் தனக்கொடியோட கல்யாணத்த முடிவு பண்ணப் போவுது.

எல்லாம் மரியதாஸ் பண்ண வேலை. ப்ளஸ் டூவ பாதியில வுட்டுட்டு இங்க வந்தவன். மூணு வாரமா ஒரே பாடம்: குடுத்த நம்பர் ஒத்தையா, ரெட்டையான்னு கண்டுபுடிக்கணும். போரடிச்சிது. அதையே பேர் பொருத்தமா மாத்திட்டான். ஆம்பள பேரு, பொம்பள பேரு ரெண்டையும் அடிச்சா, எழுத்துக்கு ஒரு நம்பர்னு கூட்டி, ரெண்டால வகுக்கும். ரெட்டைன்னா சேரும். ஒத்தைன்னா சேராது. ஒரு ஜோடிக்கு ஒரு மசால்வடை வாங்கிக்குவான்.

வடை வாசனை சோரியாங்குப்பம் வரைக்கும் போயிடுச்சி. அங்க தனக்கொடியோட தாய்மாமன் ஆதிமூலம். வயசு முப்பத்தொம்பது, மீசைக்கு மட்டும் இருபத்தஞ்சு. அக்கா மவளக் கட்டிக்குடுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. பொண்ணுக்கு ஜாதகம் எழுதல. மிஷின் ரெட்டைன்னா தையில தாலி, ஒத்தைன்னா இனிமே பேச்சே இல்லன்னு அக்காவும் தம்பியும் கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணிட்டாங்க.

தனக்கொடியும் அதே கிளாஸ்தான். கெட்டிக்காரி. மரியதாஸ் அவ பேரையும் மாமன் பேரையும் முன்கூட்டியே மிஷின்ல அடிச்சிப் பாத்தான்.

ரெட்டை.

அவ டேபிள் மேல தலைய சாச்சிட்டா. வாழ்க்கையில மொத தடவையா மரியதாஸுக்கு ஜோக்கு வரல. நேரா மெஹர் நிஷா மிஸ்கிட்ட போனான். கணக்குல டிகிரி வாங்கினவங்க. சிரிச்சி யாரும் பாத்ததில்ல.

"மிஸ், அத ஒத்தைன்னு சொல்ற மாதிரி மாத்திக் குடுங்க மிஸ்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நீயும் சொல்ல வெக்காத. அதுல கை வெச்சா, நாளையிலேர்ந்து நீ கிளாஸுக்கு வர வேணாம்."

கல்லு கூட கொஞ்சம் கசியும், இது கருங்கல்லுன்னு மனசுக்குள்ள திட்டிக்கினே எறங்கினான். மிஸ் ரூமப் பூட்டி, சாவிய கைப்பையில போட்டுக்கிட்டாங்க.

மறுநாள் ஆதிமூலம் வெள்ளவேட்டி, சென்ட்டு சகிதம் வந்தாரு. கூட அக்கா காசம்மாள். மிஸ் திரும்பிக்கூட பாக்கல, போர்டுல எழுதிக்கினு இருந்தாங்க. மரியதாஸ் ரெண்டு பேரையும் மிஷின்ல அடிச்சான்.

ஒத்தை.

அவனுக்கே நம்ப முடியல. ஆதிமூலம் இனிஷியலோட அடிக்கச் சொன்னாரு. ஒத்தை. வூட்டுல கூப்புடுற பேரு 'மூலன்'னாரு. அதுவும் ஒத்தை.

"இன்னாப்பா, வெறும் மாமான்னு போட்டுப் பாரேன்."

"போட்டா என்னியும் சேத்து மாமான்னு எடுத்துக்கும், பரவால்லியா?"ன்னான் மரியதாஸ்.

காசம்மாள் முந்தானையால வாயப் பொத்திக்கினு சிரிச்சிட்டாங்க. கற்பூரம் அடிச்ச சத்தியம். ஆதிமூலம் செருப்பத் தேடினாரு. தனக்கொடி நோட்டப் பிரிச்சி, தேதி போட்டா.

மரியதாஸுக்கு மட்டும் மண்ட கொடஞ்சிது. நேத்து ரெட்டை, இன்னிக்கி எப்புடி ஒத்தை? புரோகிராம வரிவரியா திரையில எடுத்தான். பத்து, இருபது, முப்பதுன்னுதான் அவன் வரிக்கு நம்பர் போடுவான். நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல, அவன் எழுதாத ஒரு வரி. நாப்பத்தஞ்சு: வந்த நம்பர ரெண்டால பெருக்கு, ஒண்ணு கூட்டு.

எந்த நம்பரப் போட்டாலும் ஒத்தைதான் வரும். இவ்ளோ கணக்கு தெரிஞ்சவங்க அந்த ரூம்ல ஒருத்தர்தான். சாவியும் அவங்ககிட்டதான்.

"மிஸ்... கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னீங்களே?"

மிஸ் போர்டுலேர்ந்து திரும்பல.

"இப்பவும் சொல்லல. அது கையில இருந்த நம்பர் ஒத்தைதான். அந்த வரிய அழிச்சிட்டு நோட்ட எடு."