பதினான்காவது தாள்

பதினான்காவது தாளின் ஏழாவது வரியில் அவருடைய மனைவியின் பெயர் இருந்தது.

கஸிமீரா. வீட்டு முகவரி. பதினொரு இலக்க அடையாள எண். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து.

அவள் இறந்து பதினாறு மாதம் ஆகிறது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பெயர் அங்கேயேதான் இருந்தது.

மணி இரண்டேகால். நான்கு மணிக்குத் தேர்தல் அலுவலகம் கதவை மூடிவிடும். நகரசபைக்கு வேட்பாளர் பட்டியல் கொடுக்கும் கட்சி நூற்றைம்பது வாக்காளர்களின் கையெழுத்தைக் காட்ட வேண்டும். காலையில் மகன் கடைசித் தாள்கட்டைக் கொண்டுவந்து வைத்தபோது நூற்று ஐம்பத்து மூன்று ஆகியிருந்தது. கட்சியின் ஊர்த் தலைவரான அவர் யாரும் பார்க்காதபோது சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாகத் தாயக மரபுக் கட்சியின் பெயர் இல்லாமல் இந்த ஊரில் வாக்குச்சீட்டு அச்சானதில்லை. போலந்தின் கிழக்கு எல்லையில், வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர். அங்கே கட்சி ஒருதடவைகூட வென்றதில்லை. அது வேறு விஷயம்.

அவர் தாளின் மேல்வரிக்குப் போனார்.

தேவாலயத்தில் மணியடித்த லுத்விக். போன தவக்காலத்தில் அடக்கம் செய்தார்கள். பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்து பல் மருத்துவர் ஹெலெனா. அவளும் போய்விட்டாள்.

ஒவ்வொரு பெயராகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தார். அடுத்த தாளையும் பார்த்தார். செத்தவர்கள் பதினொரு பேர்.

எப்படி நடந்தது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. போன தேர்தலில் கையெழுத்துத் தாள்களை ஒப்படைக்கும் முன் எடுத்துவைத்த நகல் அலமாரியில் இருக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கிச் சலித்துப்போன மகன் அதைப் பார்த்து எழுதியிருக்கிறான். வேறு கட்சிக்காரன் எழுதியிருந்தால் தப்பியிருப்பான். இந்தக் கட்சியின் ஆட்கள் அடுத்த தேர்தலுக்கு ஐந்து வருடம் காத்திருக்கும் வயதில் இல்லை.

மருந்துக்கடைக்காரன் போன வாரம் சொன்னதும் இதைத்தான். கையெழுத்துக் கேட்டுப் போன அவரிடம், கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னான்.

"தலைவரே, உங்க ஆளுங்க எல்லாம் சர்ச்சுக்குப் பின்னாடி படுத்திருக்காங்க. அங்க போய்க் கேளுங்க."

அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். முதுகை வளைக்காமல்தான் வந்தார்.

மகன் வித்தோல்ட் உள்ளே வந்தான். காரை வாசலில் நிறுத்தியிருக்கிறானாம். கிளம்பினால் சரியாக இருக்குமாம்.

அவர் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

அவன் காது மடல் சிவந்தது. நாற்பத்தொரு வயது.

அவர் குரலை உயர்த்தவில்லை. இந்தக் குடும்பத்தில் ஒருவரும் அடுத்தவர் பெயரைத் தொட்டதில்லை என்றார். மிரட்டிக் கேட்ட ஒரு கையெழுத்தைப் போட மறுத்து அவருடைய தாத்தா மூன்று வருடம் சிறையில் கிடந்ததைச் சொன்னார். துண்டறிக்கையில் கட்சிச் சின்னத்தின் கீழே என்ன அச்சடித்திருக்கிறோம் என்று கேட்டார்.

'நேர்மை' என்று அச்சடித்திருந்தார்கள்.

செத்தவர்களைக்கூட விட்டுவைக்க மாட்டாயா என்றார். பெற்றவளைக்கூடவா என்றார்.

வித்தோல்ட் அலமாரியைத் திறந்தான். பழைய நகலை எடுத்துவந்து விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தான்.

"மத்தவங்களை எழுதினது தப்புதான்ப்பா. அம்மாவை எழுதினதைத் தப்புன்னு சொல்லாதீங்க. போன தடவை அவங்களே போட்டிருக்காங்க, பாருங்க. உயிரோட இருந்தா இப்பவும் போட்டிருப்பாங்க."

அவர் பார்த்தார்.

போன தேர்தலுக்கு முன் ஒரு நாள், சாப்பாட்டு மேசை. பீட்ரூட் சூப். இந்தத் தாளையும் ஒரு பேனாவையும் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவள் முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்தாள். பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல மட்டும் என்னை விட்டுடுங்க."

எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தலைவரின் மனைவியே போடவில்லை என்று ஊர் சொல்லும். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் அவர் பேனாவின் மூடியைத் திறந்து, அவள் பெயரை எழுதி, மூடிவிட்டார்.

அவள் பிறகு கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று அவள் சாகும்வரை மூன்றரை வருடத்துக்கு மேல் அவர் காத்திருந்தார்.

"அப்பா, மணி மூணாகப் போகுது."

அவர் ஸ்கேலை எடுத்தார். லுத்விக்கின் பெயரை அடித்தார். ஹெலெனாவின் பெயரை அடித்தார். பத்துப் பெயர்களை அடித்துவிட்டு ஏழாவது வரிக்குத் திரும்பிவந்தார்.

அதையும் அடித்தார்.

நூற்று நாற்பத்திரண்டு. எட்டுக் குறைவு.

"அவ போட்டிருக்க மாட்டா" என்றார்.

பிறகு பழைய நகலைத் தன் பக்கம் இழுத்தார். அதிலும் அவள் பெயரின் மேல் ஸ்கேலை வைத்தார்.

வித்தோல்ட் எதையோ கேட்க வாயெடுத்தான்.

கேட்கவில்லை.