படுத்தபடி பிடிக்க ஒரு சால்டரிங் அயர்ன்

சாயங்கால வெயில் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நிற்கிற நர்ஸின் முன்னால், கடைக்காரர் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் மூன்று சால்டரிங் அயர்ன்களை எடுத்து வைக்கிறார். "இது பவர் பேங்க்லயே சூடாகும்மா. விலையும் கம்மி. பையனுக்கா?" "வீட்டுக்காரருக்கு. இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையா இருக்கார். முன்னெல்லாம் ரேடியோவா செஞ்சு தள்ளுவார்." அவள் தூணில் முதுகைச் சாய்த்து, தலையைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு மேலே பேனாவைப்போலப் பிடித்துப் பார்க்கிறாள். முதல் இரண்டும் கனம். பகலெல்லாம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்த மணிக்கட்டு உடனே நோகிறது. மூன்றாவது, கையில் இருப்பதே தெரியவில்லை. அதைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொள்கிறாள். மின்விசிறி கடகடக்கிறது. கடைக்காரர் மற்ற இரண்டையும் பெட்டிக்குள் எடுத்து வைக்கிறார். கைபேசி அடிக்கிறது; எடுத்துக் காதில் வைக்கிறாள். "அந்தக் கடைக்குப் போயிட்டியா? எனக்கு எதுக்கு இனிமே அதெல்லாம்? காசைக் கரியாக்காதே" என்கிறது கணவனின் குரல். "சரிங்க" என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "முனை ஊசியா இருக்கா, தட்டையா?"